ரைகேகியை உடைத்தால் ரைகேகி நிற்காது, அண்ணே!

யூ-கி-ஓ கார்டு ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்த அண்ணனிடம் செயின் உண்டா, அதாவது என் கார்டுக்குப் பதிலாக ஏதாவது போடுகிறீர்களா என்று நான் கேட்டேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன். "போடு தம்பி, போடு" என்றார் அவர். இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் நான்தான் அவசரப்பட்டேன் என்று பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அவர் பக்கம் மூன்று மான்ஸ்டர், கவிழ்த்து வைத்த ஒரு கார்டு. அவர் லைஃப் பாயிண்ட் 1700, அது தீர்ந்தால் தோல்வி. எதிராளியின் மான்ஸ்டர் எல்லாவற்றையும் அழிக்கிற கார்டு ரைகேகி, அதை எடுத்து மேசையில் வைத்தேன். கையை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தே தாரேக்கை ஒரு வாய் குடித்தார். கவிழ்த்து வைத்த கார்டைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப வைத்தார். என்னுடைய ரைகேகியை எடுத்து அதில் எழுதியிருப்பதையும் படித்தார். அதற்குப் பிறகுதான் "செயின் உண்டா அண்ணே?" என்றேன். "போடு தம்பி" என்று சொல்லி மூன்று மான்ஸ்டரையும் தன் கையாலேயே அள்ளி, செத்த கார்டுகளைப் போடுகிற கிரேவ்யார்டில் வைத்தார். நான் தொடவே இல்லை. சரி என்று 1900 அட்டாக் உள்ள மான்ஸ்டர் ஒன்றை இறக்கி, நேரடி அடி என்றேன். ஆட்டம் முடிந்தது.

"இரு இரு இரு!"

கவிழ்த்து வைத்த கார்டைத் திருப்புகிறார். மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன். களத்தில் இருக்கிற மந்திரக் கார்டு (ஸ்பெல்) அல்லது பொறிக் கார்டு (ட்ராப்) ஒன்றை உடைக்கிற கார்டு. "இதை ரைகேகிக்குப் போடுறேன்."

எந்த ரைகேகிக்கு? வேலையை முடித்துக் கிரேவ்யார்டில் கிடக்கிற ரைகேகிக்கா? ஒரு கார்டைப் போட்டால் பதில் சொல்லும் வாய்ப்பு முதலில் எதிராளிக்குத்தான். அவர் வேண்டாம் என்றார், எனக்கும் சேர்க்க ஒன்றுமில்லை, செயின் அங்கேயே மூடிவிட்டது. கார்டு தன் வேலையைச் செய்ய ஆரம்பித்த பிறகு நடுவில் யாராலும் நுழைய முடியாது. முடிந்த பிறகு பின்னால் போகவும் முடியாது. இது ஏதோ சட்டப் புத்தகத்து நுணுக்கம் என்று நினைக்காதீர்கள், இந்த விளையாட்டே இதில்தான் நிற்கிறது. அடுத்து நான் என்ன இறக்கப்போகிறேன் என்று தெரியாமல்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். கையில் இருந்ததை நான் இறக்கிக் காட்டிய பிறகு பின்னால் போய்ப் பதில் சொல்வேன் என்பது என் கையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அதற்குப் பெயர் ஏமாற்று. வயதில் பெரியவர் என்பதற்காக நேற்று வாயை அடக்கினேன், இங்கே அடக்க மாட்டேன்.

சரி, நேரத்தோடு போட்டிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மூன்று மான்ஸ்டரும் செத்தவைதான்! இதைத்தான் அந்த மேசையைச் சுற்றி நின்ற ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. செயினில் ரைகேகி ஒன்று, டைஃபூன் இரண்டு. கடைசியில் போட்டது முதலில் நடக்கும். டைஃபூன் ரைகேகியை உடைக்கும். அப்புறம் ரைகேகியின் முறை வரும், மான்ஸ்டர்கள் போகும். டைஃபூன் கார்டை நன்றாகப் படியுங்கள். உடைக்கும் என்றுதான் இருக்கிறது, செல்லாமல் ஆக்கும் என்று எங்கேயும் இல்லை. பட்டாசுத் திரியில் நெருப்பு வைத்த பிறகு பெட்டியைக் கிழித்துப் போட்டால் வெடிக்காமல் போய்விடுமா? செல்லாமல் ஆக்க வேண்டுமென்றால் சோலம் ஜட்ஜ்மெண்ட் மாதிரி கார்டு வேண்டும். அதற்கு லைஃப் பாயிண்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். பாதியைக் கொடுத்து வாங்குகிற சக்தியை டைஃபூன் சும்மா தந்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போட்ட பிறகும் மேசையிலேயே தங்குகிற கண்டினியூவஸ், ஃபீல்ட், எக்விப் வகைக் கார்டுகள் வேலை செய்கிற நேரத்தில் களத்தில் இருந்தாக வேண்டும். அவற்றைச் செயினில் டைஃபூனால் உடைத்தால் உண்மையிலேயே ஒன்றும் நடக்காது. ஆனால் ரைகேகி அந்த வகை இல்லையே, அது நார்மல் ஸ்பெல், ஒரு தடவை வேலை செய்துவிட்டுப் போய்விடும். இந்தத் தகராறு உலகம் முழுக்க உண்டு. டைஃபூன் அமெரிக்காவில் வெளியானது 2002-இல். இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊரில் அதே சண்டை!

இவ்வளவையும் நான் தொண்டை கட்டச் சொல்லி முடித்ததும் கடைக்காரர் தீர்ப்பு சொல்ல வந்தார். போனுக்கு ஸ்கிரீன் ஒட்டிக்கொண்டிருந்தவர், கார்டைக் கையால் தொட்டதில்லை. "ஒண்ணு போகட்டும், ரெண்டு இருக்கட்டும், ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க." மூன்று மான்ஸ்டரில் ஒன்று மட்டும் சாக வேண்டுமாம்! எந்த ஒன்று? யார் தேர்ந்தெடுப்பது? ரைகேகி என்ன, கோழிக்கறி பங்கு போடுகிற வேலையா பார்க்கிறது? சுற்றி நின்றவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். "விளையாட்டுதானே தம்பி, பெரிசுபடுத்தாதே" என்றும் சொன்னார்கள். அந்த வார்த்தையை எப்போதும் விதியை மீறுகிறவர் பக்கம் நிற்பவர்கள்தான் சொல்கிறார்கள். 10 வெள்ளி கட்டி உட்கார்ந்தேன், பஸ் ஏறி வந்தேன், எனக்கும் அது விளையாட்டுதான். விளையாட்டு என்பதால்தான் விதியைக் கேட்கிறேன்.

போனில் இதே ஆட்டத்தை மாஸ்டர் டூவல் ஆப்பில் ஆடிப் பழகிய பொடியன்களுக்கும் சொல்கிறேன். அங்கே பதில் சொல்லலாமா என்று போனே நிறுத்திக் கேட்கும், தவறான கார்டைத் தொடவே விடாது. மேசையில் கேட்க வேண்டியது உங்கள் வாய். என் முறையில் கையிலிருந்து டைஃபூன் மாதிரி குவிக்-பிளே கார்டைப் போடாதீர்கள். நான் சோலம் ஜட்ஜ்மெண்ட் போட்டால் அதற்கு டைஃபூனைத் தூக்காதீர்கள். அது கவுண்டர் ட்ராப், ஸ்பெல் ஸ்பீட் மூன்று, வேக வரிசையில் அதுதான் உச்சம். அதற்கு இன்னொரு கவுண்டர் ட்ராப்தான் பதில் சொல்ல முடியும். ஈப்போ போட்டியில் போய் இப்படிச் செய்து பாருங்கள், எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் அண்ணே, என் ரைகேகியை எடுத்துப் படித்தீர்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மசால் வடை தின்றீர்கள். கார்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை, அந்த ஸ்லீவ் பூராவும் எண்ணெய், துடைத்தும் போகவில்லை. ஒரு ஸ்லீவை மட்டும் மாற்ற முடியாது, பின்பக்கம் வித்தியாசமாகத் தெரிந்தால் கார்டில் அடையாளம் வைத்திருக்கிறேன் என்பார்கள். மொத்த டெக்குக்கும் புதுசு வாங்கியாக வேண்டும். அந்தக் காசை யார் தருவது?