வாட்ச்மேன் அண்ணனின் சாவிக்கொத்து

எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பூட்டையெல்லாம் எலக்ட்ரானிக்காக மாற்றப் போகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அதே பேச்சு. ஆதரித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான் கை தூக்கியது வாட்ச்மேன் அண்ணனுக்காக. அவர் இடுப்புக் கொத்தில் நாற்பதுக்கு மேல் சாவி. கெமிஸ்ட்ரி லேப் சாவியில் சிவப்பு உல்லன் நூல், ஸ்டோர் ரூம் சாவியில் நெயில் பாலிஷ் பொட்டு. மற்றதெல்லாம் அவர் விரலுக்கே தெரியும். போன வருஷம் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு மானிட்டர் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தது அவரைத்தான். பிறகு விசாரித்தால் அந்த அறைக்கு ஏழு சாவி உலாவிக்கொண்டிருக்கிறது. ஒன்று ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டு அலமாரியில்! பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டினால் பத்து நிமிஷத்தில் எட்டாவதும் ரெடி. எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. அண்ணனிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

டெமோ காட்ட வந்த தம்பி காந்தப் பூட்டும் அதைத் திறக்கிற அட்டையும் கொண்டுவந்தார். "கரண்ட் போனா கதவு திறந்துக்குமா, பூட்டியே இருக்குமா?" என்றேன். "யுபிஎஸ் இருக்கு சார்." "அதுவும் தீர்ந்துட்டா?" போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவர் போண்டா வரும்போதுதான் திரும்பினார்.

காந்தப் பூட்டு கரண்ட் இருக்கிறவரைதான் பிடிக்கும். நின்றால் கதவு திறந்துவிடும். கேள்வித்தாள் வைக்கிற அறைக்கு ஆகாது. இன்னொரு வகை, கரண்ட் போனாலும் பூட்டியே கிடக்கும். உள்பக்கம் கைப்பிடி வைக்காமல் அதை வகுப்பறையில் மாட்டினால் பிள்ளைகளின் கதி? 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தவர்கள் நாம். உள்ளே இருக்கிறவருக்குச் சாவியே தேவைப்படக் கூடாது. இதில் பேரமே கிடையாது.

அட்டையையும் நம்ப முடியாது. மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையில் இருப்பது வெறும் ஒரு எண். அதை நகலெடுக்கக் கையடக்கக் கருவி போதும். அதைவிட மேல் என்று விற்ற மிஃபேர் கிளாசிக் என்கிற அட்டையையும் 2008-ல் நெதர்லாந்தில் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். குடைக்காரருக்குப் பதில் வேறொருவர், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது சிப் வைத்த சாவி. பேட்டரி சாவிக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்கு ஒயர் இழுக்க வேண்டாம், பூட்டில் சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். எந்தச் சாவி எத்தனை மணிக்குத் திறந்தது என்று பதிவாகும். ஆனால் தொலைந்தால் ஒரு கிளிக்கில் ரத்து என்பது பாதி உண்மைதான். ஒயர் இல்லாத பூட்டுக்கு அந்தச் சேதி தானாகப் போய்ச் சேராது. கதவு கதவாகப் போய்ச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் சாவிக்கு ஒருநாள் ஆயுள் கொடுத்துத் தினமும் ஆபீஸில் புதுப்பிக்க வேண்டும். அதை யார் செய்வது? கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஆறு கதவு போதும் என்பேன். லேப்கள், ஆபீஸ், ரெக்கார்டு ரூம், கேள்வித்தாள் அறை. மிச்சத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு என்ன குறை?

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கொத்தை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டே கேட்டார்: "நான் எப்போ திறந்தேன்னு எழுதிக்குமா?"

"எழுதிக்கும்ணே."

"அப்போ திறக்கலேன்னாலும் தெரியும்ல?"