அகலமான ஸ்கீ வேண்டாம், தம்பி

தில்லியில் நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: எந்த ஸ்கீ வாங்கலாம்? மயூர் விஹார், ஆர்.கே.புரம், துவாரகா என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் தமிழர்களில் பனிச்சறுக்குப் பித்துப் பிடித்தவர்கள் இப்போது ஓரளவு சேர்ந்துவிட்டோம். முன்பெல்லாம் உத்தராகண்டில் ஔலி, காஷ்மீரில் குல்மார்க் என்று போய்வந்தோம். 2022-இல் கஜகஸ்தான் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இல்லாமல் வரலாம் என்று அறிவித்த பிறகு அல்மாட்டியும் சேர்ந்துகொண்டது.

போன ஞாயிறு மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். "அக்கா, 98 மி.மீ. அகலத்துல ஸ்கீ ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் ஆகும்ல?" நின்றபடியே அரை மணி நேரம் பேசினேன். அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி பலரிடமும் இருக்கிறது.

முதலில், நீங்கள் உண்மையில் எந்தப் பனியில் சறுக்குகிறீர்கள்? அல்மாட்டிக்கு மேலே ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தலத்தில் 2,260 மீட்டரிலிருந்து 3,200 மீட்டர் வரை லிஃப்ட்டில் ஏறுகிறீர்கள். இறங்குவது முழுக்க இரவில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதையில். காலையில் முதல் ஆளாகப் போனால் சீப்பால் வாரிய தலைபோல வரிவரியாகக் கிடக்குமே, அந்த பிஸ்ட்தான். ஔலியிலும் நமக்கு வேலை பெரும்பாலும் சமப்படுத்திய சரிவில்தான். இந்தச் சரிவுகளில் வேகமாக, தடுமாறாமல், பெரிய பெரிய வளைவாகப் போட்டுக்கொண்டு இறங்குவதுதான் உங்கள் ஆசை என்றால் 98 மி.மீ. உங்களுக்கான ஸ்கீ இல்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

காரணம் இது. ஸ்கீயின் வால்பக்கத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: முனையின் அகலம், பூட்ஸுக்குக் கீழே வரும் நடுப்பகுதியின் அகலம், வாலின் அகலம். நடு எண்ணைத்தான் கடையில் வெயிஸ்ட் என்பார்கள். சாதாரண ஆல்பைன் பூட்ஸின் முன்னங்கால் அடிப்பாகம் 69 மி.மீ. அகலம். ஸ்கீயின் நடு அகலம் இதற்கு அருகில் இருந்தால் எஃகு விளிம்பு கிட்டத்தட்ட உங்கள் பாதத்துக்கு நேர் கீழேயே இருக்கும். முழங்காலைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தால் போதும், விளிம்பு பனியில் இறங்கிவிடும். ஆனால் 98 மி.மீ. ஸ்கீயில் விளிம்பு பாதத்தைத் தாண்டி வெளியே நிற்கிறது. இறுகிய பனியில் அதைச் சாய்க்கும்போதெல்லாம் அந்த நெம்புகோல் உங்கள் முழங்காலைத் திருகும். ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்கு மாறவும் நேரம் பிடிக்கும். மெதுவாகப் போகும்போது இது தெரியவே தெரியாது. 50 கி.மீ. வேகத்தில், முந்தின நாள் உருகி இரவில் உறைந்த பனியில் தெரியும். அகலமான ஸ்கீகள் பலவற்றில் முனையை நீளமாக மேலே வளைத்தும் வைத்திருப்பார்கள். ஆழப்பனியில் மிதக்க அது நல்லது. இறுகிய சரிவில் அந்த முனை பனியைத் தொடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.

ஆகவே 68-லிருந்து 78 மி.மீ.க்குள் பாருங்கள். காலையில் மட்டும் சறுக்கிவிட்டு நிறுத்துபவர்கள் 72 பக்கம் போகலாம். மதியம் பனி குழைந்து மேடு பள்ளமான பிறகும் விடாமல் சறுக்குபவர்களுக்கு 76, 78. என் தேர்வு 76.

"குல்மார்க் போறோமே, அங்க ஆழமான பனி இருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இறங்குகிறீர்கள். அங்கே யாரும் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தி வைக்கவில்லை. பனிச்சரிவு அபாயமும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் சறுக்குமிடத்தின் எல்லையைத் தாண்டிப் போகவே கூடாது. அந்த நாட்களுக்கு 100 மி.மீ.க்கு மேல் உள்ள ஸ்கீயை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும் ஆழப்பனிக்காக மற்ற எல்லா நாளும் தவறான ஸ்கீயில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டுக்கும் பொது என்று விற்கிற 98, குல்மார்க் மேட்டில் சுமாராக மிதக்கும், ஷிம்புலாக் காலையில் சுமாராகப் பிடிக்கும். அவ்வளவு காசு கொடுத்து சுமார் எதற்கு?

அகலத்துக்கு அடுத்தது வளைவு ஆரம். இதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. அகல எண்களுக்குப் பக்கத்திலேயே ஆர் என்று போட்டு ஒரு எண் இருக்கும், மீட்டரில். ஸ்கீயின் பக்கவாட்டு வளைவை நீட்டி முழு வட்டமாக வரைந்தால் வரும் ஆரம் அது. ஸ்கீயைச் சாய்க்கச் சாய்க்க நீங்கள் திரும்பும் வட்டம் அதைவிடச் சிறியதாகிக்கொண்டே போகும். 17 மீட்டர் ஸ்கீயை 45 டிகிரி சாய்த்தால் சுமார் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 13 மீட்டர் ஸ்கீ அதே சாய்வில் 9 மீட்டருக்கு வந்துவிடும். இப்போது 50 கி.மீ. வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 12 மீட்டர் வட்டத்தில் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உடல் எடையைப்போல் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டும். 9 மீட்டரில் இரண்டு மடங்குக்கு மேல். இதைத் தொடை தாங்க வேண்டும், ஒரு வளைவுக்கு அல்ல, மேலிருந்து கீழ்வரை.

"நான் அவ்வளவு சாய்க்க மாட்டேன், மெல்லத்தான் திருப்புவேன்" என்றாலும் சின்ன ஆர ஸ்கீ விடாது. விளிம்பு பனியில் பட்டதும் உள்ளே இழுக்கும். நேராக விட்டால் அலைபாயும். ஸ்லாலம் (நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி இறங்கும் போட்டி) வகை ஸ்கீகள் 12, 13 மீட்டரில் வருவது குட்டி குட்டி வளைவுகளுக்காக. அதில் தனி ஆனந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது வேகமாக, பெரிய வளைவாக இறங்குவதைப் பற்றி.

எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கம்பங்களை இன்னும் இடைவெளி விட்டு நடும் ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-ஆவதாக முடித்தபோது எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு பெருமை. உடனே சிலருக்கு நிஜ ரேஸ் ஸ்கீயே வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்தப் போட்டிக்கான ஸ்கீயின் ஆரம் 30 மீட்டர். அதை வளைக்கப் போட்டியாளரின் வேகமும் காலும் வேண்டும், கூடவே யாரும் குறுக்கே வராமல் அடைத்த சரிவும் வேண்டும். குழந்தைகளும் புதியவர்களும் திரியும் பொதுச் சரிவில் அது ஆபத்து. 15-லிருந்து 18 மீட்டருக்குள் நில்லுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். மரக் கருவுக்கு மேலும் கீழும் டைட்டனால் தகடு வைத்த ஸ்கீ வேகத்தில் அமைதியாக இருக்கும். டைட்டனால் என்பது வலுவான ஒரு அலுமினியக் கலவை. அது அதிர்வை அடக்குகிறது, ஸ்கீ முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஸ்கீ கனமாக இருக்கிறதே என்று கடையில் தூக்கிப் பார்த்துத் தயங்காதீர்கள். லிஃப்ட்தான் மேலே ஏற்றுகிறது. கீழே வரும்போது அந்தக் கனம்தான் உங்களுக்குத் துணை. ஒரு விஷயம் மட்டும்: 55 கிலோ எடையுள்ளவருக்கும் 85 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே ஸ்கீ சரிவராது. எடை குறைவானவர்கள் இரண்டு முழுத்தகடு உள்ள விறைப்பான ஸ்கீயை எடுத்தால் அது வளையவே வளையாது. ஒரு தகடு உள்ளதோ, நடுவில் மட்டும் உலோகம் வைத்ததோ போதும். இணையத்தில் மதிப்புரை எழுதும் பலர் நம்மைவிட நல்ல ஆகிருதி உள்ளவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நீளத்தில் இன்னும் குழப்பம். கையை மேலே தூக்கினால் மணிக்கட்டு வரை வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது இரண்டு மீட்டர் நீள நேர்கோட்டு ஸ்கீகளின் காலம். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993-இல் எஸ்சிஎக்ஸ் என்ற, பக்கங்கள் ஆழமாகக் குழிந்த ஸ்கீயைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன, ஸ்கீகளும் குட்டையாயின. இன்றைக்கு, வேகமாகச் சறுக்குபவருக்கு மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில் வந்தால் சரி. அதற்கும் கீழே போனால் வேகத்தில் நிதானம் குறையும்.

மாடல் பேர் கேட்பவர்களுக்கு: ஹெட் சூப்பர்ஷேப் வரிசை, வோல்கல் டீக்கன் 76, ஸ்டோக்லி லேசர் ஏஎக்ஸ். மூன்றும் நான் சொல்லும் வகையைச் சேர்ந்தவை. ஸ்டோக்லி விலை கூடுதல். போன சீசன் மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், நிறத்தைத் தவிர பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. வாங்குவதற்கு முன் அதே வகையில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்கச் சறுக்கிப் பாருங்கள்.

இன்னும் முக்கியமாக நான் நினைப்பது விளிம்பு. கூர் மழுங்கினால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்கீயும் இறுகிய பனியில் வழுக்கும். ஔலி போன்ற, குல்மார்க்குக்குத் தெற்கே இருக்கும் மலைகளில் பிப்ரவரி கடைசியிலேயே மதிய வெயிலில் பனி உருகி இரவில் உறைகிறது, காலையில் கண்ணாடியாக நிற்கும். தில்லியில் ஸ்கீக்குச் சாணை பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டாம். ஒரு அரம், அதை 88 டிகிரி கோணத்தில் பிடித்துக்கொள்ளும் வழிகாட்டிச் சட்டம், வைரத்தூள் பதித்த ஒரு சாணைக்கல் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு பால்கனியில் நீங்களே செய்யலாம். சீசன் முடிந்ததும் விளிம்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அடிப்பாகத்திலும் விளிம்பிலும் மெழுகைக் கனமாகப் பூசி அப்படியே வையுங்கள். இல்லாவிட்டால் ஜூலை, ஆகஸ்ட் ஈரப்பதத்தில் துரு ஏறிவிடும்.

பூட்ஸ் இன்னும் சொந்தமாக இல்லை என்றால் ஸ்கீயைப் பற்றி யோசிக்காதீர்கள், முதல் காசு பூட்ஸுக்குத்தான். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங் விடுபடும் அளவை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், திறமை எல்லாம் பார்த்துக் கடையில் வைத்துக் கொடுப்பார்கள். கழன்றுவிடுமோ என்று பயந்து நீங்களாகத் திருகி இறுக்காதீர்கள், விழும்போது கழலாவிட்டால் போவது முழங்கால்.

எனக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் எடை, உயரம், எங்கே போகிறீர்கள், இப்போது எதில் சறுக்குகிறீர்கள் என்ற நாலையும் சேர்த்து எழுதுங்கள். இந்த நாலும் தெரியாமல் பேர் சொல்ல எனக்கு மனம் வராது. மலை மந்திர் தம்பிக்கு 74 கிலோ, ஐந்தடி எட்டங்குலம், ஜனவரியில் ஷிம்புலாக். அவனுக்கு 76 மி.மீ., ஆரம் 16 பக்கம், 168 செ.மீ. நீளம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.