கால் பிடிக்கக் காசு கொடுப்பதில் என்ன வெட்கம்?

வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போகிறேன் என்று சொன்னால் அலுவலகத்தில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கடையைச் சொல்லி அனுப்புகிறார்கள். மசாஜுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சீனத் தோழி "எந்த இடம், மணிக்கு எவ்வளவு?" என்று உடனே கேட்பாள். நம்மவர்களோ "உடம்புக்கு என்ன?" என்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் கேட்காமல் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடற்பிடிப்பு நிலையங்களில் போலீஸ் சோதனை என்ற செய்தியைச் சிங்கப்பூரில் அடிக்கடி படிக்கிறோம். 2017இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். கடை நடத்தப் போலீஸ் உரிமம் வேண்டும். அதற்காக ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டுமா? பிள்ளை பெற்றவளுக்கு உடம்பை உருவிவிடவும், சுளுக்கு எடுக்கவும் ஊருக்கு ஓர் ஆளை வைத்திருந்தவர்கள் நாம். நாள் முழுக்கக் கணினி முன் குனிந்து கிடக்கும் கழுத்துக்கு மட்டும் அது ஆகாதாம். இதே ஆட்கள் ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொடுத்து மசாஜ் நாற்காலி வாங்கி, அதன் மேல் மடிக்காத துணியைக் குவித்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

விலைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஒரு மணி நேரம் கால் பிடிக்க 30, 40 வெள்ளி ஆகிறது. கொஞ்சம் அலங்காரமான இடமென்றால் நூறைத் தாண்டும். கடை வாடகை, வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை, ஒன்பது விழுக்காடு பொருள், சேவை வரி எல்லாம் அதில் அடக்கம். பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாரு போனால் 70, 80 ரிங்கிட்டில் முடிகிறது. பேங்காக் தெருக்கடைகளில் 300 பாட் வாக்கில். நமக்கு மலிவாகத் தெரிவதெல்லாம் நாணய மாற்றின் தயவுதான், பிடிக்கிறவரின் கை மட்டமென்று அர்த்தமில்லை.

கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் பேங்காக்கில் வாட் போ கோயிலுக்குப் போங்கள். தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமா காலத்தில் உடம்பின் நரம்புக் கோடுகளையும் அழுத்த வேண்டிய இடங்களையும் கல்லில் செதுக்கிச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான் அந்தத் தொழில்காரர்கள் தங்கள் ஆதிகுருவாக வணங்குகிறார்கள். 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் தாய் மசாஜ் சேர்ந்துவிட்டது. எண்ணெய் கிடையாது, தளர்ந்த உடை மாட்டிக்கொண்டு பாயில் படுக்க வேண்டும். முழங்கையும் முட்டியும் நம் மேல் ஏறும்போது முதல் பத்து நிமிடம் ஏன் வந்தோம் என்றிருக்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். தடவிக்கொடுப்பது போன்ற மசாஜுக்கு என்னிடம் பொறுமை இல்லை.

கோலாலம்பூர் போகிற தமிழர்களுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் வாழையிலைச் சாப்பாடும் புடவைக் கடையும்தான். பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் கடைகளும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான். பார்வையற்றோருக்கு மசாஜ் தொழில் பயிற்சி கொடுத்த இடமும் அதுதான். அங்கே ஓர் அம்மையார் என் தோளில் கைவைத்த மாத்திரத்தில் "பையை எப்போதும் இந்தப் பக்கமே மாட்டுவீர்களா?" என்று கேட்டார். நான் எங்கே வலிக்கிறது என்று இன்னும் சொல்லவே இல்லை.

ஊரிலிருந்து வந்த அம்மாவை ஜோகூர் பாருவுக்கு அழைத்துப் போனேன். வெந்நீர்த் தொட்டியில் கால் வைக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்க வந்த பெண்மணி முக்காலியில் உட்கார்ந்து துண்டை விரித்ததும் அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "என் வயதிருக்கும் போலிருக்கிறதே, இவள் என் காலைத் தொடுவதா?" நான் சொன்ன எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. அந்தப் பெண்மணிக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அம்மாவின் குதிகால் வெடிப்பை விரலால் தொட்டுக் காட்டி, தன் செருப்பைக் கழற்றித் தன் வெடிப்பையும் காட்டினார். அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சற்று நேரத்தில் குறட்டை. எழுந்ததும் அந்தப் பெண்மணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பணம் கொடுக்கக் கவுண்டருக்குப் போவதற்குள் முந்தானை முடிச்சு அவிழ்ந்துவிட்டது, உள்ளே இருந்தது இந்திய ரூபாய் என்பதுதான் சிக்கல்.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுக்காத ஒன்று பேரம். ஐந்து பேர் வந்திருக்கிறோம், ஒருவருக்குச் சும்மா பிடித்துவிடுங்கள் என்று கவுண்டரில் மல்லுக்கு நிற்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது, தமிழ் தெரியாதவள் போல் நகர்ந்துவிடத் தோன்றுகிறது. பல கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று பங்குதான் சம்பளம். நாம் குறைக்கச் சொல்லும் பத்து ரிங்கிட்டில் முதலாளி எவ்வளவு ஏற்பார், தொழிலாளி எவ்வளவு ஏற்பார் என்று யோசித்தால் போதும். அன்பளிப்புக் கொடுப்பதென்றால் பிடித்தவரின் கையிலேயே கொடுங்கள். பில்லோடு சேர்த்தால் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் இரண்டு இலவசம் என்று இழுப்பார்கள், அதற்கும் தலையாட்டாதீர்கள். கடையை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

முடிந்தால் வார நாளில், காலையிலேயே கிளம்புங்கள். ஞாயிறு மாலை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்று திரும்பினால், பிடித்துவிட்ட தோள் பழையபடி இறுகிவிடும். ஞாயிறு மாலை மட்டுமே ஓய்வு என்கிறவர்கள் சிங்கப்பூரிலேயே சைனாடவுன் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் உள்ள மசாஜ் கடைகளுக்குப் போய்விடலாம். பத்து வெள்ளி கூட ஆகும், பாஸ்போர்ட் வேண்டாம்.