கோவ் படகுத்துறையில டைட்டானிக் நிக்கவே இல்லைங்க
ஒருத்தர் அயர்லாந்து கோவ் ஊர் படகுத்துறையிலயே டைட்டானிக் வந்து நின்னுச்சு, அங்க இருக்கற கதீட்ரல் (பெரிய சர்ச்) அந்தக் கப்பல்ல செத்தவங்க ஞாபகமா கட்டினதுன்னு போட்டிருக்கார், ரெண்டுமே தப்புங்க. 1912 ஏப்ரல் 11ல கப்பல் துறைமுக வாய்ல இருக்கற ரோச்சஸ் பாயின்ட் பக்கம் நங்கூரம் போட்டு நின்னுச்சு, 123 பேர் சின்ன படகுல போய்தான் ஏறுனாங்க. அவங்க கிளம்பின மரத்துறை மிச்சம் இன்னும் தண்ணிக்குள்ள கருப்பா, உளுத்துப்போன கட்டையா நிக்குது. அப்போ ஊர் பேரு குயின்ஸ்டவுன், விக்டோரியா ராணி வந்ததால 1849ல வச்சது. செயின்ட் கோல்மன் கதீட்ரல் வேலை 1868லயே ஆரம்பிச்சாச்சு, அப்போ டைட்டானிக் யாரோட கனவுலயும் இல்ல! ஊர் நடுவுல இருக்கற நினைவுச்சின்னமும் 1915ல மூழ்கின லூசிடேனியா கப்பலுக்குத்தான், அதையும் டைட்டானிக் கணக்குல சேத்துடாதீங்க.