கையில் இருந்தது சிரட்டை, சாராயம் இல்லை

ஃபிஜியில் மிஷனெரியாக இருக்கிற நான் ஒரு மலைக்கிராமத்தில் கையில் சிரட்டையோடு இருக்கும் அந்தப் படம், "ஊழியக்காரன் குடிக்கிறான்" என்று நம் குழுவில் சுற்றி, எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பதினொரு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். சிலர் "அண்ணே, இது உங்களுக்குத் தெரியணும்" என்று அக்கறையோடு, சிலர் ஒன்றும் எழுதாமல் வெறும் படத்தை மட்டும், ஒருவர் கூடவே ஒரு கும்பிடும் கையையும் சேர்த்து. நன்றி. படத்தை எடுத்ததே என் மனைவிதான், அதனால் முன்பே பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் சிவப்பு வட்டம் மட்டும்தான் எனக்குப் புதுசு.

முதலில் அந்த வார்த்தையை முடித்துவிடுவோம். என் பையன் படத்துக்குக் கீழே "மலையில் அப்பாவோடு கிராக்" என்று எழுதியிருந்தான். (நம்மூர் கிராக்கு இல்லை, அது வேறு, அது அந்தக் குழுவில் நிறைய இருக்கிறது.) ஃபிஜியில் யங்கோனா என்கிற பானத்தை இந்திய வம்சாவளியினர், பழங்குடியினர் என்று எல்லோருமே கிராக் (grog) என்றுதான் சொல்வார்கள். நம் அறிஞர் ஒருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, கிராக் என்றால் தண்ணீர் கலந்த ரம் என்று கண்டுபிடித்துவிட்டார். முடிந்தது கதை. ஊழியக்காரன் குடிகாரன். குடும்பத்தோடு குடிக்கிறான்.

யங்கோனா ஒரு செடியின் வேர். வெற்றிலை, மிளகு இரண்டுக்கும் பங்காளி, ஒரே இனம். வேரைக் காயவைத்து இடித்து, துணியில் கட்டி, தனோவா என்கிற மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். மழை பெய்த மறுநாள் குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். வாயில் வைத்தால் முதலில் மண் வாசனை, அப்புறம் கிராம்பை மென்றதுபோல நாக்கும் உதடும் மரத்துப்போகும். புளிக்கவைப்பது இல்லை, காய்ச்சுவது இல்லை, ஒரு சொட்டு சாராயம் கிடையாது. குடித்தவன் சண்டைக்குப் போக மாட்டான், கொட்டாவிதான் விடுவான். வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்தால் தோல் செதில் செதிலாக உரியும், உண்மைதான். அதற்காக வெற்றிலை போடுகிற நம் பாட்டிமார் எல்லோரும் நரகத்துக்கா போனார்கள்?

போன வீட்டில் கொடுத்ததை வாங்கிக் குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இங்கேயும் இதைத் தொடாத சபைகள் உண்டு. அட்வென்டிஸ்டுகள் தொட மாட்டார்கள், பெந்தெகொஸ்தேக்காரர்களிலும் பலர் தொட மாட்டார்கள். அது அவர்கள் மனசாட்சி, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் கையைச் சுற்றி வட்டம் போடவில்லையே.

இங்கே ஒரு கிராமத்துக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. கையில் யங்கோனா வேரைக் கட்டாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். வந்தவனுக்காக ஒருவர் பேச, ஊர்ப் பெரியவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அந்த ஊரில் அவன் விருந்தாளி. இதற்கு செவுசெவு என்று பெயர். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணும் இடுப்பில் சுலு கட்ட வேண்டும் (நம் கைலிதான், எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை). தொப்பி கூடாது. சிரட்டை நம்மிடம் வரும்போது ஒரு தடவை கை தட்டி, ஒரே மடக்கில் குடித்து, மூன்று தடவை தட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அடித்துவிட மாட்டார்கள். சிரிப்பார்கள். ஆனால் பாயில் உட்கார வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான் என்று புரிந்துகொள்வார்கள்.

முதல் வருஷம் நான் தொப்பியோடுதான் போனேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும் என்னைப் பார்த்துத் தன் தலையைத் தானே லேசாகத் தொட்டுக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. நான் பதிலுக்கு வணக்கம் வைத்தேன். கடைசியில் ஒரு சின்னப் பையன் வந்து தொப்பியைக் கேட்டு வாங்கி, தன் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனான். அப்புறம்தான் உறைத்தது.

தலை என்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயம். 1867இல் ஃபிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் மலைக்குள் தாமஸ் பேக்கர் என்ற மெதடிஸ்ட் மிஷனெரி தன்னோடு வந்த ஃபிஜியர்களுடன் சேர்த்துக் கொல்லப்பட்டார், தின்னப்பட்டார். தலைவர் தலையிலிருந்த சீப்பை அவர் எடுத்ததுதான் காரணம் என்று ஒரு கதை, அரசியல்தான் காரணம் என்று இன்னொரு கதை. நரமாமிசக் கதையை நம் மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஆனால் 2003இல் அந்த நபுதவுத்தவு கிராமத்து மக்கள் பேக்கரின் வாரிசுகளை வரவழைத்து, சடங்கு நடத்தி மன்னிப்புக் கேட்டார்களே, அதை ஒரு மேடையிலாவது கேட்டதுண்டா? எனக்கு ஞாபகம் இல்லை. முந்தைய தலைமுறைகள் செய்ததற்காக நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்து அழுதிருக்கிறார்கள். நாம் போன வாரம் செய்ததற்கே மன்னிப்புக் கேட்பதில்லை.

"அந்தக் காட்டுவாசிகளில் எத்தனை பேரைக் கிறிஸ்துவுக்கு ஆதாயம் பண்ணினீர்கள், அறிக்கை எங்கே" என்று கேட்டவருக்கு வருகிறேன். ஐயா, முதல் மெதடிஸ்ட் மிஷனெரிகளான கிராஸும் கார்கிலும் லக்கெம்பா தீவில் இறங்கியது 1835இல். உங்கள் "காட்டுவாசி"கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை லாலி என்கிற மரமுரசைத் தட்டினால் ஊரே வந்து உட்காருகிறது. கீபோர்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நாலு குரலில் பிரித்துப் பாடுகிறார்கள், கேட்டால் முதுகு சிலிர்க்கும். அப்புறம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் தங்கம் வாங்கியதும் இந்த நாடுதான், அந்த சந்தோஷத்தில் ஏழு டாலர் நோட்டு அச்சடித்ததும் இந்த நாடுதான். காட்டுவாசியாம்.

நானும் யோக்கியன் இல்லை. என் முதல் ஜெபக் கடிதத்தில் "இருளில் இருக்கும் தீவுகள்" என்று எழுதியவன்தான். அந்தக் கடிதத்துக்கு அன்று எத்தனை பாராட்டு!

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான கோபம் அங்கேதான் இருக்கிறது. "எங்கள் காணிக்கையில் டூர்." போனது ஒரு கரும்பு விவசாயியின் லாரியில், பின்னால் நின்றுகொண்டு. டீசலுக்கு என் பங்கு முப்பது ஃபிஜி டாலர், ரசீது வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். படுத்தது பாயில். சாப்பிட்டது சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையும். சனி ஞாயிறு இரண்டு நாள். உங்களுக்கெல்லாம் சனிக்கிழமை உண்டு, குற்றாலம் உண்டு, கொடைக்கானல் உண்டு. மிஷனெரிக்கு மட்டும் கஷ்டப்படுகிற முகம் வேண்டும். சிரிக்கிற படம் வந்தால் காணிக்கை குறைகிறது, இருமுகிற படம் வந்தால் கூடுகிறது. ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பொருளாதாரம் இது.

என் வேலை பழங்குடி கிராமத்தில் இல்லை என்பதும் உண்மைதான். நான் இருப்பது கரும்புக் காட்டுப் பக்கம், கிர்மிட் (ஒப்பந்தக் கூலி) வம்சத்தாரிடையே. 1903இல் திருநெல்வேலியில் நம் முன்னோர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்த அதே வருஷத்தில்தான் சென்னையிலிருந்து ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியது. அந்த வம்சத்தில் இன்று பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஃபிஜி ஹிந்தி. "அப்படியானால் உனக்கு அந்த மலைக்கிராமத்தில் என்ன வேலை?" சரியான கேள்வி. பதில் சொல்கிறேன்.

போன மார்ச்சில் அம்மா போய்விட்டாள். இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. அவசரமாகக் கிடைத்த டிக்கெட்டின் விலையைப் பார்த்து மனைவியும் நானும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அடக்கம் அங்கே மாலை நாலு மணிக்கு, இங்கே ராத்திரி பத்தரை. தம்பி போனைப் பிடித்துக்கொண்டிருந்தான், கை நடுங்கியதில் பாதி நேரம் சாமியானாத் துணிதான் தெரிந்தது. மண் போடுகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அந்த மலைக்கிராமத்திலிருந்து பதினான்கு பேர், கருப்பு உடுத்து, பாய்ச்சுருளும் யங்கோனாக் கட்டும் தூக்கிக்கொண்டு. துக்கவீட்டுக்கு வந்து இப்படிக் கொடுப்பதை ரெங்குரெங்கு என்பார்கள். அவர்கள் என் அம்மாவைப் பார்த்ததில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் என்றால் என்னோடு வேலை செய்கிற ஒரே ஒருவர்தான். ராத்திரி முழுக்க என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வசனம் சொல்லி ஆறுதல்படுத்தவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். காணிக்கை அனுப்பி எங்களைத் தாங்குகிற இடத்திலிருந்து வந்தது, மாதச் சுற்றறிக்கையில் இரண்டு வரி. அம்மாவின் வயது அதில் தப்பு.

வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்ப்பது மரியாதை. அதற்குத்தான் போனேன். டூர்.

"உன்னைப் பார்க்கிற இளம் விசுவாசிகளுக்கு இடறல் ஆகாதா" என்று என் போதகரே போனில் கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார், நான்தான் சத்தம் போட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், சகோதரனுக்கு இடறலாகாதே என்று பவுல் எழுதியது எனக்கும் தெரியும். முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்று லூக்கா பத்தில் இருப்பதும் தெரியும். ஆனால் வட்டம் போட்டவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மொட்டைமாடியில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அங்கே இடறல் எல்லாம் ஏறி வராது போலிருக்கிறது, லிஃப்ட் இல்லையோ என்னவோ. இதை எழுதியிருக்கக் கூடாதுதான். எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

காணிக்கையை நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டு நிறுத்துங்கள், பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

வெட்டாத முழுப் படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். வட்டம் போட்டவர் இடது பக்கத்தை வெட்டிவிட்டார். அந்த ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற கிழவர் போதையில் தூங்கவில்லை. சிரட்டை என் கைக்கு வந்ததும் எல்லோரையும் நிறுத்தி, என்னிடம் அம்மா பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அம்மா பேரில் ஒரு 'ழ' உண்டு. அவருக்கு அது 'ர'வாகத்தான் வந்தது. நான் திருத்தவில்லை.