ஹார்ன் அடிக்காத ஊரு

(மதுரை மாட்டுத்தாவணியில இருந்து ஜங்ஷனுக்கு கிளம்புற ஷேர் ஆட்டோ. ஓட்டுறது மாமா. பக்கத்துல முதுகுல பையோட மருமகன், சென்னை ரயிலுக்கு.)

மாமா: (பாம்ம்ம்) ஏறு மாப்ள. பைக்க எடுத்துக்கிட்டு தனியா ஊரு சுத்திட்டு வந்ததுல இருந்து ஒரே பெனாத்தலாமே, உங்கம்மா சொல்லுச்சு. என்ன ஊருடா அது, ஐஸ் வாலா?

மாப்ள: ஐசால் மாமா. மிசோரம் தலைநகரு. கவுகாத்தி வரைக்கும் பைக்க ரயில்ல போட்டு விட்டுட்டு அங்கிட்டு ஷில்லாங், சில்சார்னு ஓட்டிக்கிட்டே போனேன். பெர்மிட் வேணும் மாமா, நம்ம நாட்டுக்குள்ளயே. வைரெங்டேன்னு எடம், அங்க கேட்ல காட்டிட்டுத்தான் உள்ள போகணும்.

மாமா: இதென்ன பெருசு, இந்தா இருக்கிற கூடல்நகர் தாண்டுனாலே என்கிட்ட பெர்மிட் கேக்குறாய்ங்க. (பாம் பாம்)

மாப்ள: மாமா, முன்னாடி யாருமே இல்லையே, யாருக்கு அடிக்கிறீங்க?

மாமா: வரப்போறவனுக்கு.

மாப்ள: அங்க ஹார்னே அடிக்க மாட்டாங்க மாமா. மலை உச்சில ஊரு, ரோடு இம்புட்டுத்தான் அகலம், சாயங்காலம் ஆனா காரு வரிசை வளைவுக்கு வளைவு நிக்குது, டூவீலர் எல்லாம் தனி வரிசை, எதிர் பக்கம் ரோடு காலியா கெடக்கு, ஒருத்தன் கூட அதுல ஏறி முந்தல, எனக்கு கையெல்லாம் அரிக்குது.

மாமா: அப்ப எப்டி பேசிக்குவாய்ங்க? ஹார்னுங்கிறது பாஷைடா. ஒரு தடவ அடிச்சா 'அண்ணே ஓரமா'. ரெண்டு தடவ அடிச்சா 'ஜங்ஷன் ஜங்ஷன்'. நீளமா அடிச்சா 'வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா'.

மாப்ள: நானும் பழக்கதோஷத்துல ஒரு தடவ அடிச்சுட்டேன். தெருவே திரும்பி பாக்குது. முன்னாடி இருந்த டாக்சிக்காரரு எறங்கி நேரா என்கிட்ட வர்றாரு.

மாமா: அடி எத்தன விழுந்துச்சு?

மாப்ள: 'என்ன ஆச்சு தம்பி, ஏதும் ஒதவி வேணுமா'ன்னு கேட்டாரு மாமா.

மாமா: ...அடிச்சிருந்தா கூட தேவலையே.

மாப்ள: அதேதான்! அவுங்க பாஷைல த்லோம்ங்கைனான்னு ஒரு வார்த்தை, தன் சௌகரியம் பாக்காம அடுத்தவனுக்கு செய்யிறது.

மாமா: அந்த வார்த்தைய நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் ஒதவிட்டு வீட்டுக்கே போயிருப்பான். (பாம்)

மாப்ள: லாட்ஜ்ல ரூமு எந்த மாடின்னு கேட்டேன், மூணாவது மாடின்னாங்க, படி எங்கன்னு பாத்தா கீழ போகுது. ரோட்டு மட்டத்துல இருக்கிறதுதான் மொட்டை மாடிக்கு பக்கம், மீதி வீடு பூரா சரிவுல கீழ தொங்குது. ஏறிப் போறதுக்கு பதிலா எறங்கிப் போயி தூங்கினேன்.

மாமா: சோறு?

மாப்ள: அதுலதான் மாட்டிக்கிட்டேன். டிசம்பர்ல நாலரைக்கே பொழுது சாயுது, ஆறு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடிச்சுர்றாங்க. நம்மூர் நெனப்புல ஒம்போது மணிக்கு போறேன், ஒரு கடை இல்ல. சரி, காலைல பாப்போம்னு படுத்தா, விடிஞ்சா ஞாயித்துக்கெழம, மொத்த ஊரும் சர்ச்ல இருக்கு, எங்க பாத்தாலும் ஷட்டர். லாட்ஜ்கார அம்மாதான் பாவம்னு சோறும் 'பாய்'னு ஒரு கீரைக் கொழம்பும் கொடுத்துச்சு.

மாமா: மதுரக்காரனுக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு சோறு இல்லாத ஊரு புடிச்சிருக்கு. உனக்கு மந்திரிக்கணும்டா.

மாப்ள: இன்னொன்னு கேளுங்க. செலிங்னு ஒரு எடம், ரோட்டோரம் மூங்கில் கொட்டகைல காய்கறி, பழம் எல்லாம் அடுக்கி வெச்சிருக்கு, ஆளே இல்ல. அட்டைல வெல எழுதியிருக்கு, ஒரு டப்பா இருக்கு, காச போட்டுட்டு மீதி சில்லறைய நம்மளே எடுத்துக்கணும். கடைக்காரரு காட்டுல வெவசாயம் பாக்குறாரு, கடைல ஒக்காந்தா அந்த வேலை கெடும்ல.

மாமா: டப்பாவுக்கு பூட்டு?

மாப்ள: இல்ல.

மாமா: சங்கிலி?

மாப்ள: இல்ல மாமா.

மாமா: நம்ம பேங்க்ல பேனாவுக்கே கயிறு கட்டி வெச்சிருக்காய்ங்கடா! (பாம்ம்ம்ம்)

மாப்ள: மாமா, முடியல. ஜங்ஷன் வரைக்கும் இந்த ஆட்டோல ஹார்ன் சத்தமே கேக்கக்கூடாது. நீங்க அடிக்காம வந்துட்டீங்கன்னா ஒரு கறிதோசை என் செலவு.

மாமா: ரெண்டு.

மாப்ள: சரி, ரெண்டு.

(கோரிப்பாளையம் தாண்டியாச்சு. மாமா கட்டைவிரல சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு ஒத்தக் கையால ஓட்டுறாரு. ஏவி பாலம் ஏறுற எடத்துல ஒரு எருமை, நடு ரோட்டுல, அசை போட்டுக்கிட்டு.)

மாப்ள: மாமா, ரயிலுக்கு இருவது நிமிசம்தான் இருக்கு.

மாமா: இருக்கட்டும். பொறுமையா நிப்போம். மலை எப்டி இருந்துச்சு, பனி நெறையவோ?

மாப்ள: மாமா, பின்னாடி டவுன் பஸ்ஸு.

மாமா: வரிசைய விட்டு வெளிய போகக்கூடாதுல்ல?

மாப்ள: மாமா, தட்கால் டிக்கெட்டு!

மாமா: இரு, அந்த டாக்சிக்காரரு மாதிரி எறங்கிப் போயி, 'தாயி, ஏதும் ஒதவி வேணுமா'ன்னு கேட்டுட்டு வாரேன்.

(மாமா எறங்கிப் போறாரு. எருமைகிட்ட குனிஞ்சு ஏதோ பேசுறாரு. எருமை கேட்டுக்கிட்டு நிக்குது. மருமகன் அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறான், வாட்ச்ச பாக்குறான், எட்டி டிரைவர் சீட்டுப் பக்கம் கைய விடுறான். பாம்ம்ம்ம்ம்ம்.)

மாமா: (அங்க இருந்தே) ஒண்ணுல வெங்காயம் தூக்கலா போடச் சொல்லு! காச ஜீபேல அனுப்பிரு!