வில்லன் குரல் என்று ஒன்று இருக்கிறதா?

'லயன் கிங்' கதைக்கு முன்கதையாக வந்த 'முஃபாசா' படத்தின் தமிழ் டப்பிங்கில், சிங்கம் முஃபாசாவாகப் பேசிய நடிகர் அர்ஜுன் தாஸின் குரல் வந்ததும் தியேட்டரில் விசில் அடித்தவர்களைக் கிண்டல் செய்யும் பதிவு ஒன்று நேற்று மறுபடியும் கண்ணில் பட்டது. திரையில் ஆளே இல்லை, கம்ப்யூட்டரில் செய்த சிங்கம் வாயசைக்கிறது, அதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்பதுதான் அதன் சாரம். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

அந்த விசிலுக்கு என் முழு ஆதரவு உண்டு. அர்ஜுன் தாஸ் நடித்த படங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் முகமே வராத இந்தப் படத்தில் செய்திருப்பது அவருடைய நல்ல நடிப்புகளில் ஒன்று.

படம் வந்தது 2024 டிசம்பர் 20 அன்று. அதே நாளில்தான் 'விடுதலை' இரண்டாம் பாகமும் வெளியானது, பெரியவர்கள் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. அக்கா பிள்ளைகளோடு நான் போன காட்சியில் பாதிக்கு மேல் குழந்தைகள். மீதி, கல்லூரிப் பையன்கள். பையன்கள் யாருக்காக வந்தார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் முஃபாசா குட்டியாக இருக்கும்வரை வேறொரு பிள்ளையின் குரல். வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, அப்பா அம்மாவைப் பிரிகிறான், டாகா என்ற இன்னொரு குட்டி அவனைக் காப்பாற்றித் தன் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறான். இரண்டு குட்டிகளும் ஓடியாடிப் பாடும் பாட்டிலேயே வளர்ந்துவிடுகிறார்கள். அதன்பிறகு வருகிறது அந்தக் குரல். அரங்கம் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த அக்கா மகன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எதற்கு எல்லாரும் கத்துகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவனுக்கு அர்ஜுன் தாஸ் யாரென்றே தெரியாது.

இந்த இடத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பையன்களுக்கும் எனக்கும் அந்தக் குரல் என்றால் 'கைதி'. 2019 தீபாவளிக்கு வந்த படம். அண்ணன் அடைக்கலத்தை லாக்கப்பிலிருந்து மீட்க திருச்சி கமிஷனர் ஆபீஸை முற்றுகையிடும் வில்லன் அன்பு. 'லைஃப் டைம் செட்டில்மென்ட்' என்று அவர் சொன்ன விதத்தை ஊரே சொல்லிப் பார்த்தது. கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை, அடித்தொண்டையிலிருந்து நிதானமாக வந்த அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. அதற்கப்புறம் நம் சினிமா என்ன செய்தது? 'மாஸ்ட'ரிலும் வில்லன் பக்கம்தான். 'விக்ர'மில் மறுபடி அதே அன்பு. நாயகனாக வந்த 'அநீதி'யில்கூட அந்த ஆளுக்குள் கொலை செய்யும் எண்ணம் ஓயாமல் வந்து வதைக்கும். இந்தக் குரல் கேட்டால் யாருக்கோ ஆபத்து என்று நம் காதைப் பழக்கிவிட்டார்கள்.

என் அக்கா மகனுக்கு அந்தப் பழக்கம் எதுவும் இல்லை. அவன் கேட்டது ஒரு நல்லவனின் குரலை. கூட்டத் தலைவன் ஒபாசி, எங்கிருந்தோ வந்தவன் என்று ஒதுக்கிப் பெண்சிங்கங்களோடு அனுப்பிவிட, அதையே ஏற்றுக்கொண்டு மோப்பமும் வேட்டையும் கற்றுக்கொண்டு வளர்ந்த ஒரு பிள்ளை. தனக்கென்று எதையும் கேட்காதவன். அந்தப் பணிவை அர்ஜுன் தாஸ் கொண்டுவந்த விதம்தான் என்னை அசரடித்தது. குரலின் கனத்தைக் குறைக்கவே இல்லை, அதில் இருந்த மிரட்டலை மட்டும் எடுத்துவிட்டார். பயமுறுத்தத் தெரிந்த ஒருவன் பயமுறுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தால் எப்படிப் பேசுவானோ அப்படி இருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது எதிர்ப்பக்கத் தேர்வு. டாகாவுக்கு அசோக் செல்வன்! பிற்பாடு ஸ்கார் ஆகி அண்ணனையே கொல்லப்போகும் அந்தச் சிங்கத்துக்கு, 'ஓ மை கடவுளே', 'போர் தொழில்' படங்களில் நாம் கேட்ட அந்த மென்மையான, கொஞ்சம் தயங்கும் குரல். வழக்கமான கணக்குப்படி யோசித்திருந்தால் அர்ஜுன் தாஸை டாகாவாகவும் அசோக் செல்வனை முஃபாசாவாகவும் போட்டிருப்பார்கள். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மாற்றிப் போட்டதால் என்ன ஆனது பாருங்கள். டாகா விரும்பும் பெண்சிங்கம் சரபி முஃபாசா பக்கம் சாய்வது தெரிந்து டாகா உள்ளுக்குள் உடையும்போது நமக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருக்கிறது. எதிரியான கீரோஸுக்கு வழிகாட்டிக் கொடுக்கும் அளவுக்குப் போன பிறகும் அந்தக் குரலில் ஒரு சின்னப் பையனின் ஏமாற்றம் மிச்சம் இருக்கிறது. கீரோஸாக நாசர். அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, மனிதர் இந்த வேலையில் கரைகண்டவர்.

இப்படி மாற்றிப் போடுவது தமிழுக்குப் புதிதும் இல்லை. 1994 'லயன் கிங்' தமிழில் வந்தபோது முஃபாசாவின் மகன் சிம்பாவுக்கு, அவன் வளர்ந்த பிறகு, குரல் கொடுத்தவர் அரவிந்த் சாமி. 'ரோஜா' வந்து பெரிய இடைவெளி இல்லாத காலம், தமிழ்நாட்டின் மாப்பிள்ளை முகம் அவர்தான். 2019இல் அதே கதை மறுபடி வந்தபோது சிம்பா சித்தார்த்திடம் போனது, அரவிந்த் சாமி ஸ்கார் ஆனார். நடுவில் 'தனி ஒருவன்' படத்தில் அவர் நடித்த வில்லன் சித்தார்த் அபிமன்யு வந்துபோயிருந்தான் அல்லவா, அந்தக் குளிர்ந்த சிரிப்பு அப்படியே ஸ்காருக்குள் இறங்கியிருந்தது. ஒரே மனிதர், ஒரே கதை, ஒரு முறை அண்ணன் மகன், இன்னொரு முறை அவனை விரட்டும் சித்தப்பா. இதையெல்லாம் கவனித்து ரசிப்பவன்தான் ரசிகன். அவனைப் போய் விவரம் கெட்டவன் என்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். முதல் படத்திலும் 2019 படத்திலும் முஃபாசாவாகப் பேசிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் யார்? 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் டார்த் வேடர். கறுப்பு முகமூடிக்குள்ளிருந்து வந்து ஒரு தலைமுறையையே நடுங்கவைத்த வில்லனின் குரல்தான், பிறகு மகனுக்கு நட்சத்திரங்களைக் காட்டிப் பேசும் அப்பாவின் குரல் ஆனது. சின்ன வயதில் திக்குவாயால் பல வருடம் பேசுவதையே தவிர்த்தவர் அவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் காலமானார். 'முஃபாசா' அவருக்குக் காணிக்கையாகத்தான் தொடங்குகிறது. ஆக, வில்லன் குரல் என்று தனியாக எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் அந்த மாதிரி வேடம் கொடுத்தார், நாமும் அப்படியே பழகிவிட்டோம்.

"டப்பிங்தானே, போய் மைக் முன்னால் நின்று படித்துவிட்டு வரவேண்டியதுதானே" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய கார்ட்டூன் சிங்கத்துக்குப் புருவம் உண்டு, உதடு வளையும், கண் விரியும். பாதி நடிப்பைப் படம் வரைந்தவரே செய்து முடித்திருப்பார். இந்தப் புதுப் படங்களில் வருவது நிஜச் சிங்கத்தைப் போன்ற சிங்கம். நிஜச் சிங்கத்தின் முகத்தில் வெட்கமோ குற்ற உணர்ச்சியோ எப்படித் தெரியும்? 2019 படத்தின் மீது பலர் வைத்த புகாரே முகத்தில் உணர்ச்சி இல்லை என்பதுதான். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியது குரல் மட்டும்தான். காதில் ஹெட்போன், அதில் மூலப்படத்தின் ஆங்கில வசனம், எதிரே திரையில் வாயசைவு. வாய் திறக்கும்போது தொடங்கி மூடும்போது முடிக்க வேண்டும். நடுவில் மூச்சு, முனகல், தாவும்போது வரும் சத்தம், அடிபட்ட வலி எல்லாம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எதிரில் பேசுகிறவர் பெரும்பாலும் அந்த அறையில் இருக்கவும் மாட்டார்.

இந்தப் பின்னணியில் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். கீரோஸின் அடியிலிருந்து முஃபாசாவைக் காப்பாற்றப் போய்த்தான் டாகாவுக்கு, ஸ்கார் என்ற பேருக்குக் காரணமான அந்தத் தழும்பு விழுகிறது. காட்டிக்கொடுத்தவனும் அவனே, காப்பாற்றியவனும் அவனே. முஃபாசா அவனை விரட்டுவதில்லை, ஆனால் இனி அவன் பேரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். தம்பியைத் தண்டிக்கும் இடம் அது, மன்னிக்கும் இடமும் அதுவே. திரையில் அந்தச் சிங்கத்தின் முகம் ஏறக்குறைய சலனமே இல்லாமல் இருக்கிறது. அர்ஜுன் தாஸ் அங்கே குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தவில்லை. வாக்கிய முடிவில் மட்டும் காற்று கொஞ்சம் தளர்கிறது, அழுகை வந்து அதை விழுங்கிவிட்ட மாதிரி. விசில் அடித்த பையன்கள் அந்த நேரத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்காக ஊரையே கொளுத்தத் துணிந்த அன்புவாக நடித்தவர்தான் இங்கே தம்பியின் பேரை வாயில் எடுக்க மாட்டேன் என்கிறார். 'கைதி' பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

குறையும் உண்டு, மறைக்கப் போவதில்லை. முஃபாசா தேடிப்போகும் மிலேலே என்ற நிலத்தில் எல்லா விலங்குகளையும் ஒன்றுதிரட்டிப் பேசும் இடத்தில் அவர் இன்னும் ஏறியிருக்க வேண்டும். ஒரு கூட்டத்தையே எழுப்ப வேண்டிய பேச்சு, நாலு பேரிடம் பேசுகிற அளவிலேயே நின்றுவிட்டது.

"அப்படியென்றால் 2019இல் விஜய் சேதுபதியை மட்டும் ஏன் அந்தப் பாடு படுத்தினீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் அயர்ன் மேனுக்கு அவர் பேசியதை ஒத்துக்கொள்ளாமல் இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது. அவருக்கு நடிக்கத் தெரியாது என்பதல்ல பிரச்சினை, அப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அயர்ன் மேனுக்குத் தமிழில் ஏற்கெனவே பழகிய குரல் இருந்தது. பிள்ளைகள் டிவியில் வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்த குரல். பத்து வருடம் வீட்டில் பேசிய மனிதர் கடைசி நாளன்று வேறு குரலில் பேசினால் எப்படி இருக்கும்? கடைசிப் படத்தில், சாகப்போகிற நேரத்தில் மாற்றியதுதான் தப்பு. அந்தத் தப்பு விஜய் சேதுபதியுடையதும் இல்லை, விளம்பரத்துக்காக அந்த முடிவை எடுத்தவர்களுடையது. 'முஃபாசா'வில் வருவது இளைஞன், அவன் கதையை நாம் கேட்பதே முதல் தடவை. அதனால் அர்ஜுன் தாஸுக்கு இடம் காலியாக இருந்தது.

தெலுங்கில் மகேஷ் பாபு பேசினார், ஹைதராபாத்தில் கட்-அவுட் வைத்துக் கொண்டாடினார்கள். இந்தியில் ஷாருக் கான் முஃபாசா, மூத்த மகன் ஆர்யன் சிம்பா, சின்னவன் ஆப்ராம் குட்டி முஃபாசா. அது வேறு வகைச் சந்தோஷம், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் பாத்திரத்துக்கு என்ன தேவை என்று யோசித்து ஆள் பிடித்ததில் தமிழ்தான் முந்தி நிற்கிறது என்பது என் கட்சி.

ரோபோ சங்கரைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. 2019இலும் 2024இலும் பும்பா அவர்தான், டிமோன் சிங்கம்புலிதான். நல்லவேளை அந்த ஜோடியை மாற்றவில்லை. மிமிக்ரி மேடையிலிருந்து வந்த மனிதர். ஒரு காட்டுப்பன்றி இவ்வளவு வெள்ளந்தியாக, இவ்வளவு நம்ம ஊர்க்காரனாகப் பேச முடியும் என்று காட்டினார். 2025 செப்டம்பர் 18 அன்று போய்விட்டார். 46 வயது, போகிற வயதா அது? 2019 படத்தில் ஸாஸு பறவையாகப் படபடத்த மனோபாலா அதற்கு முன்பே, 2023இல் போய்விட்டார். அக்கா வீட்டில் பிள்ளைகள் இன்றும் அந்தப் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள், பும்பா பேசும்போதெல்லாம் உருண்டு புரண்டு சிரிக்கிறார்கள். பேசியவர் இப்போது இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

கடைசியாக, நம் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போஸ்டரில் நட்சத்திரங்களின் முகம் மட்டும்தான் வருகிறது. குட்டி முஃபாசாவாகவும் குட்டி டாகாவாகவும் பேசிய பிள்ளைகள் யார், தமிழ் வசனம் யார் எழுதியது, கூட்டத்தில் கத்திய, முனகிய, அழுத அத்தனை குரல் கலைஞர்களும் யார்? அர்ஜுன் தாஸ் வருகிற வரைக்கும் படத்தைத் தாங்கிப் பிடித்ததே அந்தக் குட்டிகள்தான். விழாக்களிலும் பேட்டிகளிலும் இதைக் கேளுங்கள், படக்குழு போடும் பதிவுகளுக்குக் கீழே போய்க் கேளுங்கள். நம் ஆளுக்கு அடித்த விசிலில் கொஞ்சம் அவர்களுக்கும் போகட்டும். பேர் தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள், நான் மேலே சேர்த்துவிடுகிறேன்.